மாட்டின் காதில் வைத்த மருந்து

கேள்வி: ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கும் வெளிநாட்டு வீரர்கள், "நான் சாப்பிட்ட மாட்டிறைச்சியில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது" என்கிறார்களே! மாட்டுக்கு எதற்கு ஸ்டீராய்டு? இந்தக் கதையை எந்த முட்டாள் நம்புவான்?
– ஈரோடு வாசகர் ஒருவர்

பதில்: சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2020 மார்ச்சில் நம்பியது, அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 2017 உலகத் தடகளப் போட்டியில் நீளம் தாண்டி வெள்ளி வென்ற அமெரிக்கர் ஜாரியன் லாசனின் சிறுநீரில் ஆண் ஹார்மோன்போல வேலை செய்யும் டிரென்போலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் தென்பட்டது. அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம்கூட இல்லை. சோதனைக்கு முந்தைய நாள் அர்கன்சா மாநிலத்தில் ஓர் உணவகத்தில் மாட்டிறைச்சி சாப்பிட்டதாக அவர் சொன்னதை முதல் விசாரணை ஏற்காமல் நான்கு ஆண்டுத் தடை விதித்தது. மேல்முறையீட்டில்தான் அவர் மீண்டார். அதற்குள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் போய்விட்டது.

மாட்டுக்கு எதற்கு என்கிறீர்கள். காயடித்த காளைக்கு ஆண் ஹார்மோன் குறைந்துவிடுகிறது. அதை வெளியிலிருந்து கொடுத்தால், தின்ற தீவனத்தில் கூடுதல் பங்கு சதையாக மாறும். அமெரிக்காவில் சிறு குண்டுமணி போன்ற மாத்திரைகளை ஊசித் துப்பாக்கியால் மாட்டுக் காதின் பின்புறத் தோலுக்கு அடியில் செருகிவிடுவார்கள். அது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வெட்டும்போது காதை எறிந்துவிடுவார்கள். 1987 முதல் டிரென்போலோனுக்கு அங்கே அனுமதி உண்டு. ஐரோப்பாவில் இத்தகைய ஹார்மோன்களுக்குத் தடை. (பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி என்று நம் ஊரில் பேசிக்கொள்வது வேறு கதை; அமெரிக்காவிலேயே கோழிக்கு ஹார்மோன் தர அனுமதியில்லை.)

2011இல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பையில், சோதித்த 208 மாதிரிகளில் 109இல் கிளென்பியூட்டரால் இருந்தது. அது ஸ்டீராய்டு அல்ல. ஆனாலும் கால்நடையைக் கொழுக்கவைக்கத் திருட்டுத்தனமாகக் கொடுக்கப்படும் மருந்துதான். அத்தனை சிறுவர்களும் ஒரே மாதத்தில் ஏமாற்றுக்காரர்களாகிவிட்டார்கள் என்றா சொல்வீர்கள்? மெக்சிகோ அணி மீனும் காய்கறியுமாகச் சாப்பிட்டுத் தப்பித்தது.

அதற்காக, இறைச்சியைக் கைகாட்டுகிற எல்லோரும் உத்தமர்கள் என்று நான் வாதாடவில்லை. ஓட்ட வீராங்கனை ஷெல்பி ஹூலிஹான், நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு தன் உடலில் புகுந்தது பன்றி இறைச்சியைச் சுருட்டி வைத்த புரிட்டோ என்ற ரொட்டி வழியாக என்றார். அதே நீதிமன்றம் 2021இல் அதை ஏற்காமல் நான்கு ஆண்டுத் தடை விதித்தது.

உங்கள் சினத்தைத் திருப்ப வேண்டிய இடம் வேறொன்று உண்டு. மாட்டிலிருந்து தட்டுக்கு வரும் துளியைவிட, மாட்டு மருந்துக் கடையிலிருந்து நேராக ஜிம்முக்குப் போனதுதான் பெரிது. அமெரிக்கா 1990இல் ஸ்டீராய்டுகளைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, கால்நடைக்கென்று உள்ள இந்த மாத்திரைகளுக்கு விலக்கு அளித்தது. மனிதருக்கென்று விற்றால் விலக்கு செல்லாது என்றும் எழுதித்தான் வைத்தார்கள். ஆனால் வாங்குகிறவன் தொழுவத்தில் மாடு நிற்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? மனிதருக்கு அங்கே ஒருபோதும் அங்கீகரிக்கப்படாத டிரென்போலோன், ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவர்களின் சமையலறையில் இடித்துக் கரைக்கப்பட்டு ஊசியில் ஏறியது இப்படித்தான். இந்த மாத்திரைகளில் பலவற்றில் ஈஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோனும் சேர்ந்தே இருக்கிறது. மார்பு விரிய வேண்டும் என்று ஊசி போட்டுக்கொண்டவருக்கு, மார்பு வேறு விதமாக வளர்ந்தால் மாட்டைக் குறை சொல்ல முடியாது.