ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள்: நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. தெரு கேபிள்காரரிடம் வாங்கிய நெட்டை விட்டுவிட்டு எங்கே போவது, போனையும் சேர்த்து மாற்றலாமா என்பதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேபிள்காரரிடம் பல வருடமாக நெட் வாங்குகிறோம். மழை பெய்தால் போய்விடுகிறது. மூன்று கம்பெனி ஆட்கள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எது நல்லது?
- வாசகர், தண்டையார்பேட்டை

கம்பெனிப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே கம்பெனி உங்கள் தெருவில் நன்றாக இருக்கும், அடுத்த தெருவில் படுமோசமாக இருக்கும். கடைசி நூறு மீட்டர் வயரைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரு உள்ளூர் ஏஜென்ட்தான். அதனால் நோட்டீஸை வைத்து முடிவு செய்யாமல், அதே கம்பத்திலிருந்து லைன் எடுத்திருக்கும் இரண்டு மூன்று வீட்டில் கேளுங்கள். கடைசியாக எப்போது நெட் போனது, சரி செய்ய யார் வந்தார், அன்றே வந்தாரா, மறுநாளா. இந்தப் பதில்தான் முக்கியம். ஸ்பீடு எல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது வீட்டுக்குள் வரும் வயரையும் ஒரு தடவை பாருங்கள். நுனியில் பிளாஸ்டிக் கிளிப் வைத்த தடித்த வயர் நேராக ரூட்டரில் செருகியிருந்தால், அது யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் பெட்டியிலிருந்து வருகிறது. அந்த வீட்டில் கரண்ட் போனாலோ, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினாலோ உங்கள் நெட்டும் போகும். மெல்லிய வயர், நுனியில் நீலம் அல்லது பச்சை நிறச் செருகி என்றால் அது ஃபைபர். வீடு வரை ஃபைபர் தருகிறவரிடம் மட்டும் பேசுங்கள். புது லைன் ஒரு நல்ல மழையைத் தாங்கும் வரை பழையதை நிறுத்த வேண்டாம்.

100 எம்.பி.பி.எஸ். ஸ்பீடு என்றார்கள். படம் இறக்கும்போது 12-க்கு மேல் போகவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?
- கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை

இல்லை தம்பி. அவர்கள் சொல்வது பிட் கணக்கு, டவுன்லோடில் தெரிவது பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 வரும். ஸ்பீடு டெஸ்டிலேயே 30, 40 என்று காட்டினால்தான் பிரச்சினை. அப்போது ரூட்டரின் வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளதா, வேகமான 5 கிகாஹெர்ட்ஸும் உண்டா என்று பாருங்கள். இலவசமாகத் தள்ளிவிடும் ரூட்டர்களில் இரண்டாவது இல்லாதவை நிறைய.

499 ரூபாய் பிளான் என்று சொன்னார்கள். பில் 588.82 வந்திருக்கிறது.
- வாசகி, எம்.கே.பி. நகர்

18 சதவீத ஜி.எஸ்.டி. பில் சரிதான். "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். "12 மாதம் கட்டினால் 2 மாதம் இலவசம்" என்று சொல்லி 6,000 ரூபாயும், ரூட்டர் டெபாசிட் 1,500 ரூபாயும் வாங்கினார்கள். மூன்றாவது மாதமே லைன் செத்துவிட்டது. "ஏரியாவை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்" என்கிறார் பழைய ஆள். "பழைய பணம் எனக்குத் தெரியாது" என்கிறார் புது ஆள். பில் தரவில்லை, ஜி-பேயில் கட்டினேன்.
- வாசகி, வியாசர்பாடி

அம்மா, நீங்கள் செய்தது ஒன்றும் தப்பில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு சேவையைத் தராதவர்கள் மேல்தான் தப்பு. இரண்டு பேரில் யார் பொறுப்பு என்று நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. இருவரையும், யார் பெயரில் அவர்கள் இணைப்பு தந்தார்களோ அந்தக் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்டலாம்.

பில் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஜி-பேயில் போன பணத்துக்குத் தேதியும், நேரமும், வாங்கியவர் பெயரும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காமல் வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தராமல் விடுவதே நேர்மையற்ற வணிக நடைமுறை. முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "டெலிபோன் கேஸெல்லாம் நுகர்வோர் கோர்ட்டுக்கு வராது" என்று யாராவது மிரட்டினால், வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வருடச் சந்தா வியாபாரத்தைப் பல காலமாகப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. மாதா மாதம் பணம் கட்டுகிற வாடிக்கையாளரைக் கம்பெனி ஒவ்வொரு மாதமும் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். வருடப் பணம் கைக்கு வந்துவிட்டால் உங்கள் போனை எடுக்க அவர்களுக்கு என்ன அவசரம்? இரண்டு மாதம் இலவசம் என்பது உங்கள் கையில் இருந்த ஒரே பிடியை அவர்கள் விலை கொடுத்து வாங்குவது. என் வீட்டிலும் இப்படித்தான் ஒரு வருடப் பணத்தை மொத்தமாக வாங்கிப் போனார்கள். லைன் ஒழுங்காக வந்த நாட்கள் குறைவு, ரூட்டர் டெபாசிட் இன்றுவரை வரவில்லை. அந்த ரூட்டர் வேறு எந்தக் கம்பெனி லைனிலும் வேலை செய்யாதபடி பூட்டப்பட்டது. இன்னும் அலமாரியில் கிடக்கிறது. இதே வேலையைத் தையல் தைத்துச் சேர்த்த பணத்திலும் செய்கிறார்கள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. புது இணைப்பா, முதல் மூன்று மாதமாவது மாதா மாதம் கட்டுங்கள். அப்படித் தர முடியாது என்கிறவரிடம் போகவே வேண்டாம்.

84 நாள் ரீசார்ஜ் செய்த மறுநாள், அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாற (போர்ட்) கொடுத்துவிட்டேன். மீதி நாள் புதுசுக்கு வருமா?
- வாசகர், ராயபுரம்

வராது. போர்ட் ஆனதும் பழைய பேலன்ஸும் வேலிடிட்டியும் போய்விடும். ரீசார்ஜ் முடியும் சமயத்தில்தான் மாற வேண்டும் என்று இங்கே திரும்பத் திரும்ப எழுதுகிறேன், பணத்தைக் கட்டிய பிறகுதான் கடிதம் வருகிறது. மாற நினைப்பவர்கள் PORT என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்புங்கள். வருகிற கோடு நம் ஊரில் 4 நாள்தான் செல்லும். சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும்.

ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே லேண்ட்லைன் எண், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் தெரியும். தனியார் ஃபைபர் வாங்கினால் போன் இலவசம் என்கிறார்கள். பழைய எண்ணோடு மாற முடியுமா?
- வாசகர், பெரம்பூர்

ஐயா, எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி மொபைலுக்கு மட்டும்தான். லேண்ட்லைனுக்குக் கிடையாது. ஆகவே இப்போது இருக்கும் கம்பெனியிடமே, அதே எண்ணில் ஃபைபராக மாற்றித் தரச் சொல்லி முதலில் எழுதிக் கொடுங்கள். பதில் எழுத்தில் வரும் வரை பழைய லைனைச் சரண்டர் செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய தாமிர லைன் போனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் டயல் டோன் கேட்கும். ஃபைபரில் அப்படி இல்லை. வீட்டில் கரண்ட் போனால் போனும் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதியில் எத்தனை வீடு இருட்டில் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஃபைபர் பெட்டிக்கு ஒரு மினி யு.பி.எஸ். கட்டாயம். வாங்கும் முன் ஃபைபர் பெட்டியின் அடாப்டரைத் திருப்பி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துக்கொண்டு போங்கள். "எல்லாவற்றுக்கும் பொருந்தும் சார்" என்று சொல்லி எனக்கு ஒரு கடையில் 9 வோல்ட் விற்றார்கள், என் பெட்டிக்கு வேண்டியது 12.

நெட் வாங்கினால் கேபிள் டி.வி.யே வேண்டாம் என்கிறார்கள். மாமியார் சீரியல் பார்ப்பார்.
- வாசகி, திருவொற்றியூர்

கேபிள் டி.வி. இருக்கட்டும், நெட்டை மட்டும் மாற்றுங்கள். ரிமோட்டில் சேனல் எண்ணை அழுத்திப் பழகியவரை ஆப்புக்குள் தேட வைக்க வேண்டாம். நெட் நின்றால் சீரியலும் நிற்கும் என்பதையும் பாருங்கள்.

"உங்கள் கேபிள் அடுத்த மாதம் நிற்கிறது, புது இணைப்புக்குப் பதிய வேண்டும்" என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆதார் நகலும் 500 ரூபாயும் வாங்கினார். விரல் சரியாகப் பதியவில்லை என்று அம்மாவை இரண்டு முறை வைக்கச் சொன்னார். இணைப்பும் வரவில்லை, அவரும் போன் எடுக்கவில்லை.
- வாசகர், புளியந்தோப்பு

500 ரூபாயைவிட அந்த இரண்டாவது விரல் பதிவுதான் எனக்குக் கவலை. ஒரு பதிவில் உங்கள் இணைப்பு, இன்னொன்றில் அம்மா பெயரில் யாருக்கோ ஒரு சிம் என்று மோசடி நடக்கிறது. இன்றே மத்திய அரசு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போய், அம்மா பெயரில் எத்தனை மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே "என் எண் இல்லை" என்று புகார் செய்யலாம். ஆதாரில் விரல்ரேகையைப் பூட்டும் வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள், பக்கத்து காவல் நிலையத்தில் மனுவும் கொடுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள். நம்பும்படி பேசுவதுதான் அந்த ஆளுக்குத் தொழில்.

பழைய கம்பெனி ஆளிடம் ரூட்டரைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ரசீது வாங்கவில்லை. இப்போது 2,500 ரூபாய் கேட்கிறார்கள்.
- வாசகர், கொடுங்கையூர்

வந்தவரை அனுப்பச் சொல்லி நீங்கள் போனில் பேசிய தேதியைக் கண்டுபிடியுங்கள். எஸ்.எம்.எஸ்., வாசல் கேமரா, எது இருந்தாலும் சேர்த்து கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். அதில் முடியவில்லை என்றால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அடுத்த முறை ரூட்டரின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணை போட்டோ எடுத்து, அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பெட்டியைக் கையில் கொடுக்க வேண்டும்.