சட்டம் படிக்காதவர்கள் அடிப்படைச் சட்டச் சொற்களை எப்படிக் கற்றுக்கொள்வது?

அகராதியில் தொடங்க வேண்டாம். வீட்டு பீரோவில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தில் தொடங்குங்கள். சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் பதினோரு வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஒரு சொல் புரியாததால் கைவிட்டுப் போகிறவற்றைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

என் அத்தை ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்தில் இருக்கிறார். பாகப்பிரிவினை வழக்கில் அவருக்குச் சம்மன் வந்தது. பெயருக்கு நேரே ‘2-ம் பிரதிவாதி’ என்று இருந்தது. “நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?” என்று அழுதுவிட்டு, அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து வக்கீல் கமிஷனரும் (இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீல்) சர்வேயரும் டேப்போடு வந்து மிளகுக் கொடிகளுக்கு நடுவே நின்றபோதுதான் வீட்டில் மற்றவர்களுக்கே விஷயம் தெரிந்தது. அவர் ஆஜராகாததால் வழக்கு எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, ஆகியிருந்தது.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மஞ்சப்பையோடு என்னிடம் வந்தார். காகிதத்தின் மடிப்பில் அரிசி மாவு ஒட்டியிருந்தது. நான் சொன்னேன்: “அத்தை, பாகம் கேட்கிற வழக்கில் பங்கு இருக்கிற எல்லோரையும் சேர்த்தாக வேண்டும். வழக்குப் போட்டவர் வாதி, மற்ற பங்காளிகள் பிரதிவாதி. உங்களுக்குப் பங்கு இருக்கிறதால்தான் அந்தப் பேரே வந்திருக்கு.” அவர் வெகுநேரம் பேசவே இல்லை.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யப் பொதுவாக 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அது தாண்டிவிட்டதால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட்டோம். நீதிமன்றம் ஒரு செலவுத் தொகையைக் கட்டச் சொல்லி ஏற்றுக்கொண்டது. எல்லோருக்கும் இப்படி அமையாது.

ஆகவே முதலில் மனிதர்களைக் குறிக்கும் சொற்கள். சிவில் வழக்கில் வாதி, பிரதிவாதி. மனு என்றால் மனுதாரர், எதிர்மனுதாரர். கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று எழுதுவார்கள். அங்கே அது பகையைக் குறிப்பதில்லை. அப்புறம் வழக்கு நகரும் வரிசையிலேயே போங்கள்: பிராது (வாதி தாக்கல் செய்யும் வழக்குரை), சம்மன் (கோர்ட் அழைப்பு), வக்காலத்து (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரம்), எதிருரை (பிரதிவாதி எழுத்தில் தரும் பதில்), வாய்தா (வழக்கை ஒத்திவைக்கும் தேதி), சாட்சி விசாரணை, தீர்ப்பு. எதிருரைக்குச் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் என்பதையும் கூடவே மனதில் வையுங்கள். சொல்லோடு அதன் கெடுவும் தெரிந்தால்தான் பயன்.

கோர்ட் தமிழ் அந்நியமாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. வக்கீல், ஜாமீன், வாய்தா, ஆஜர், அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்), ஜப்தி (சொத்தைப் பறிமுதல் செய்வது), தாவா (வழக்கு) எல்லாம் அரபு, பாரசீகத்திலிருந்து வந்தவை. நவாபு காலத்து நிர்வாகச் சொற்களைக் கம்பெனி ஆட்சியும் அப்படியே வைத்துக்கொண்டது. பத்திரத்தில் வரும் ‘தபசில்’ கூட அப்படித்தான். சொத்து விவரம் என்று பொருள். அந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்து, நான்கெல்லையை உங்கள் நிலத்தில் நின்று பொருத்திப் பாருங்கள். ஒரே மாலையில் பத்துச் சொல் தங்கிவிடும்.

மிகவும் கவனிக்க வேண்டிய சொல் ‘விடுதலைப் பத்திரம்’. ஏதோ பிரச்சினையிலிருந்து நமக்கு விடுதலை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட அக்கா தங்கைகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அது சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். ‘ஒரு கையெழுத்துதானே’ என்று யார் சொன்னாலும், தலைப்பைப் படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

பழைய சட்டப் புத்தகம் வைத்துப் படிக்கிறீர்களா? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. முதலில் சொற்களைப் பிடியுங்கள், எண்கள் பிறகு.

காகிதம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்றால் படித்துக்கொண்டு உட்கார வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போகும்போது சம்மன் வந்த கவரையும் எடுத்துப் போங்கள். அதில் இருக்கும் தேதி தேவைப்படும்.