அப்டேட் போட்ட பிறகு போன் மக்கர் செய்கிறதா? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: அப்டேட் போட்டேன், போன் கெட்டுப்போச்சு. அதில் போன் மாடலை எழுதியவர்கள் நாலைந்து பேர் மட்டும். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ என்று இருக்கும். மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன் இரண்டும் அங்கேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்து எழுத ஒரு நிமிஷம் ஆகாது.

அப்டேட் போட்டு ஒரு நாள்தான் ஆகிறது. காலையில் 100 இருந்த சார்ஜ் மத்தியானம் 30க்கு வந்துவிடுகிறது. பேட்டரி மாற்ற வேண்டுமா? (திருமங்கலம்)

வேண்டாம். மூன்று நாள் பொறுங்கள். புது சிஸ்டம் வந்ததும் போன் ஒவ்வொரு ஆப்பையும் அதற்கு ஏற்றபடி உள்ளுக்குள் மறுபடி தயார் செய்யும், கேலரியில் உள்ள படங்களைத் திரும்ப அடுக்கும். அந்த வேலைக்குத்தான் சார்ஜ் போகிறது. ராத்திரி வைஃபையோடு சார்ஜில் போட்டு, தொடாமல் விட்டால் சீக்கிரம் முடியும். நாலாவது நாளும் இறங்கினால் ‘பேட்டரி யூஸேஜ்’ பாருங்கள். எந்த ஆப் முதலில் நிற்கிறதோ அதை அப்டேட் செய்யுங்கள், இல்லையென்றால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அப்புறம், பைக் டேங்க் கவரில் போனை வைத்து நம்ம ஊர் வெயிலில் ஓட்டாதீர்கள். சூட்டில் பேட்டரி கெடுவதற்கு அப்டேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான் எந்த அப்டேட்டும் போடவில்லை. ஒரு நாள் காலையில் கால் வரும் திரையே மாறிவிட்டது. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? (ஒத்தக்கடை)

இல்லை. 2025 ஆகஸ்ட்டில் இருந்து இதே கேள்வியோடு நிறைய பேர் வந்தார்கள். கூகுள் தன் ‘ஃபோன்’ ஆப்பின் தோற்றத்தை மாற்றியது. ஆப் மட்டும் தானாக மாறுவதற்கு சிஸ்டம் அப்டேட் தேவையில்லை. பழைய திரைதான் வேண்டும் என்றால் ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பைத் திறந்து ‘அன்இன்ஸ்டால்’ கொடுங்கள். ஆப் போகாது, அதன் அப்டேட் மட்டும் போகும். இரண்டு வாரம் புதுத் திரையிலேயே பழகிப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை.

போன் சரியாக வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? (பெயர், ஊர் இல்லை)

என்ன போன், எது வேலை செய்யவில்லை, எப்போதிருந்து? இதை எழுதாமல் பதில் கிடையாது.

ஜியோ சிம். அப்டேட்டுக்குப் பிறகு நெட் வருகிறது, கால் மட்டும் போக மாட்டேன் என்கிறது. (உசிலம்பட்டி)

ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. கால் போக வேண்டுமென்றால் வோல்ட்டி (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) ஆனில் இருக்க வேண்டும். சிம் செட்டிங்ஸில் பாருங்கள், அப்டேட்டில் ஆஃப் ஆகியிருக்கும். ஆனில் இருந்தும் போகவில்லையா? ‘நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட்’ கொடுங்கள். வைஃபை பாஸ்வேர்டும் ப்ளூடூத் இணைப்பும் போகும், போட்டோக்களுக்கு ஒன்றும் ஆகாது. கவனம்: அதே பக்கத்தில் ‘எரேஸ் ஆல் டேட்டா’ என்றும் ஒன்று இருக்கும். வாசித்துவிட்டுத் தொடுங்கள்.

குன்னத்தூர் சத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்டேட்டுக்குப் பிறகு எந்த ஆப்பைத் திறந்தாலும் உடனே மூடிக்கொண்டது. பக்கத்துக் கடையில் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் ‘சரியாப் போச்சு’ என்று தந்தார். போன் காலியாக இருக்கிறது. 400 பேருக்கு மேல் அளவு எழுதிய சிட்டைகளை போட்டோ எடுத்து வைத்திருந்தேன். திரும்ப எடுக்க முடியுமா?

ஐயா, இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போனில் மட்டும் இருந்தது என்றால் எடுக்க முடியாது. இப்போதைய ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைக்கிறது. கடைக்காரர் செய்தது ரீசெட், அதாவது போனை முழுக்கக் காலியாக்குவது. அதை அடித்ததும் அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடும். ‘ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கு, மூவாயிரம் கொடுங்க’ என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

ஆனால் தேட வேண்டிய இடங்கள் சில உண்டு. கூகுள் போட்டோஸில் உங்கள் ஜிமெயில் போட்டுப் பாருங்கள். இரண்டு ஜிமெயில் இருந்தால் இரண்டையும் பாருங்கள். மெமரி கார்டு இருந்தால் அதைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்ஆப்பை இன்ஸ்டால் செய்யும்போது ‘ரீஸ்டோர்’ கேட்கும், அதை ‘ஸ்கிப்’ செய்யாதீர்கள். ஸ்கிப் செய்தால் புது பேக்கப் பழையதன் மேல் ஏறிவிடும். சிட்டையை யாருக்காவது அனுப்பியிருந்தால் அவரிடம் கேளுங்கள்.

ஆப் மூடிக்கொள்வதற்கு ரீசெட் முதல் மருந்தே கிடையாது. 2021 மார்ச்சில் உலகம் முழுக்க இதே கதை நடந்தது, ஜிமெயில் உட்பட ஆப்கள் திறந்தவுடன் மூடின. காரணம் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்ற ஒரே ஒரு துண்டு, ஆப்புக்குள் இணையப் பக்கத்தைக் காட்டுவது அதுதான். கூகுள் ஒரு நாளுக்குள் அதைத் திருத்தி அனுப்பியது, அதை அப்டேட் செய்தவுடன் சரியானது. அதற்குள் ரீசெட் அடித்தவர்களுக்கு டேட்டா போனதுதான் மிச்சம்.

வரிசை இதுதான். முதலில் ரீஸ்டார்ட். அப்புறம் ப்ளே ஸ்டோரில் எல்லா ஆப்பையும் அப்டேட். அப்புறம் மக்கர் செய்யும் ஆப்பின் கேஷை, அதாவது அது தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருப்பதை, அழிப்பது. அப்புறம் சேஃப் மோட்: அதில் நீங்கள் போட்ட ஆப் எதுவும் ஓடாது, போன் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி ஏதோ ஒரு ஆப். இத்தனையும் தாண்டி, பேக்கப் எடுத்து, ஜிமெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் ரீசெட். பாஸ்வேர்டு மறந்திருந்தால் ரீசெட் முடிந்ததும் போன் பழைய ஜிமெயிலைக் கேட்டு அங்கேயே நின்றுவிடலாம்.

கடைக்கு ரீசெட்தான் சுலபமான வழி. பத்து நிமிஷத்தில் முடியும், காசும் வாங்கலாம். போகிற டேட்டா வாடிக்கையாளருடையது. நான் போன் ரிப்பேர் தொழிலுக்கு வரும் முன்பு என் அக்காவின் போனுக்கும் இப்படித்தான் நடந்தது. அழகர்கோவிலில் அவள் மகளுக்குக் காது குத்திய வீடியோ அதில்தான் இருந்தது, வேறு பிரதி இல்லை. அதனால்தான் என் மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. ‘டேட்டா வேணும்’, ‘டேட்டா வேண்டாம்’ என்று இரண்டு பத்தி. வருகிறவர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போனைத் திறப்பேன். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் ‘என்னைக் கேட்காமல் ரீசெட் அடிக்கக் கூடாது’ என்று வாயால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அப்டேட் முடிந்ததில் இருந்து லோகோ வருகிறது, அணைகிறது, திரும்ப லோகோ. (மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்)

முதலில் பேக் கவரைக் கழற்றுங்கள். உங்கள் மார்க்கெட்டில் இருந்தே போன மாதம் ஒரு போன் வந்தது. கவருக்கும் பவர் பட்டனுக்கும் நடுவில் நார்த் துணுக்கும் ஈரமும் சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. பட்டன் அமுங்கியே கிடந்ததால்தான் போன் திரும்பத் திரும்ப அணைந்தது. காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தேன், பட்டன் ‘டக்’ என்று மேலே வந்தது, போனும் வந்தது. அப்டேட் போட்ட அதே நாளில் நடந்ததால் அவரும் அப்டேட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

பட்டன் சரியாக இருந்தால் பவரையும் வால்யூம் டவுனையும் சேர்த்து 15 விநாடி அழுத்துங்கள். அப்படியும் லோகோவிலேயே நின்றால் ரெக்கவரி மெனு, அதாவது ஆண்ட்ராய்டு ஏறாமலே பட்டன்களை அழுத்தித் திறக்கும் பழுது பார்க்கும் பட்டியல். சில மாடல்களில் அங்கே ‘வைப் கேஷ் பார்ட்டிஷன்’ இருக்கும், அதனால் டேட்டா போகாது. ஆனால் அதை ஒட்டிய வரியே ‘வைப் டேட்டா’. கை நடுங்கும் என்றால் நீங்கள் செய்யாதீர்கள்.

திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. அடுத்த அப்டேட்டில் போய்விடுமா? (அண்ணா நகர்)

போகாது. அமோலெட் என்ற வகை டிஸ்ப்ளேவில் வரும் கோளாறு இது, டிஸ்ப்ளேதான் மாற்ற வேண்டும். வெளிக் கடையில் பிரிக்கும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு இலவசமாகவே மாற்றிக் கொடுத்திருக்கின்றன. ஒரு முறை வெளியே பிரித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பழைய ஆண்ட்ராய்டுக்கே திரும்பலாமா? (செல்லூர்)

டேட்டா முழுக்கப் போகும். பல மாடல்களில் கம்பெனியே வழியை அடைத்திருக்கும். கம்பெனி போட்ட அந்தத் தடையை உடைத்துப் பழையதைப் போட்டால் பல பேங்க் ஆப்கள் ஓட மறுக்கும். வேண்டாம், தம்பி.

‘சிஸ்டம் அப்டேட்’ என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு ஏபிகே (ஆப் இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வந்தது. இன்ஸ்டால் செய்துவிட்டேன். போன் சூடாகிறது. (சோழவந்தான்)

இது அப்டேட் இல்லை, திருட்டு. சிஸ்டம் அப்டேட் செட்டிங்ஸில் மட்டும்தான் வரும், வாட்ஸ்ஆப்பில் வராது. இதை எத்தனை முறை எழுதியும் மாதத்துக்கு ஒருவர் மாட்டுகிறார். உடனே ஃப்ளைட் மோட் போடுங்கள். வேறு போனில் இருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். காசு போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். ஜிமெயில் பாஸ்வேர்டையும் அந்த வேறு போனிலேயே மாற்றுங்கள், இந்தப் போனில் மாற்றாதீர்கள். அப்புறம் ஒயர் போட்டு போட்டோக்களை மட்டும் கம்ப்யூட்டருக்கு எடுங்கள். ரீசெட் வேண்டாம் என்று இத்தனை வரி எழுதிய நானே உங்களுக்கு ரீசெட்தான் சொல்கிறேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திரும்பக் கொண்டுவராதீர்கள், அந்த ஏபிகே அங்கேதான் இருக்கும்.