நூலகரின் பங்கு என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். வருகைப் பதிவேடு தினமும் நிரம்புகிறது. ஆனால் பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. குறிப்புகளைக் கையோடு கொண்டுவந்து படித்துவிட்டுப் போகிறவர்கள். புத்தகம் எடுப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. முதலாமாண்டு மாணவர்கள் சேர்ந்ததும் நூலகத்தைச் சுற்றிக்காட்டுகிறோம். அடுத்த மாதமே எது எங்கே என்று தெரியாமல் கவுண்டரில் வந்து நிற்கிறார்கள். வாங்குவது, அடுக்குவது தவிர மாணவரின் படிப்பில் நூலகருக்குப் பங்கு உண்டா? உண்டென்றால் எங்கிருந்து தொடங்குவது?

ம., சேலம்

அன்புள்ள ம.,

நிச்சயம் உண்டு. உங்கள் கவுண்டரிலிருந்தே தொடங்குங்கள். அங்கே ஒரு நோட்டு வையுங்கள். மாணவர் கேட்டுக் கிடைக்காமல் திரும்பும் ஒவ்வொன்றையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். தேதி, துறை, கேட்டது, என்ன ஆயிற்று என்று நான்கு கட்டம் போதும். பெயர் எழுத வேண்டாம். பெயர் கேட்டால் அடுத்த முறை கேட்கவே தயங்குவார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. வந்த காரியம் முடிந்ததா என்பது இந்த நோட்டில்தான் தெரியும்.

வாரக் கடைசியில் அவற்றைப் பிரித்துப் பாருங்கள். சில நூல்கள் உங்களிடம் இல்லை. சில வெளியே போயிருக்கும். சில ரேக்கில் இடம் மாறிக் கிடக்கும். சிலவற்றை ஓபேக் (கணினியில் தேடும் நூற்பட்டியல்) காட்டியிருக்காது. மாணவர் காதில் விழுவது எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "இல்லப்பா." ஆனால் பணம் கேட்பது முதல் வகை மட்டும்தான். இரண்டாவதற்கு, அந்த நூலின் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொடுக்காமல் இரண்டு மணி நேரக் கடனாக நிறுத்திவைக்கலாம். மூன்றாவதற்கு, காலையில் அரை மணி நேரம் ஒரே ஒரு ரேக்கைக் கால் நம்பர் (நூலின் முதுகில் ஒட்டிய இட எண்) வரிசைப்படி சரிபார்த்தால் போதும். இரண்டு தட்டு தள்ளி வைக்கப்பட்ட நூல், தேடுபவருக்குத் தொலைந்த நூல்தான்.

நான்காவது வகைதான் தமிழ் நூல்களை அதிகம் புதைக்கிறது. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் ஏற்றிய தலைப்புகள் ஓபேக்கில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். ஒருங்குறியில் (யூனிகோடில்) ஏற்றியவற்றிலும் சிக்கல் உண்டு. 'கௌதமன்' என்பதற்குப் பதில் கொம்பும் ளகரமும் சேர்த்துக் 'கெளதமன்' என்று தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். இதைத் திருத்தும்போது 'ெள' வரும் இடத்தையெல்லாம் ஒரே வீச்சில் மாற்றிவிடாதீர்கள். வெள்ளி, வெள்ளம், கெளுத்தி எல்லாம் சிதைந்துவிடும். பட்டியலை வெளியே எடுத்து, 20 பதிவுகளில் சோதித்து, பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருந்தால், அதன் தேடுபொறியான ஸீப்ராவில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கையாளும் ஐசியு அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தியபின் இன்டெக்ஸை (தேடலுக்கான அட்டவணையை) மறுபடி கட்டாவிட்டால் தேடலில் பழைய பிழையே வரும். ரோமன் எழுத்தில் தேடும் மாணவர்களுக்காக மார்க் பதிவின் (நூல் விவரங்களைக் கணினியில் ஏற்றும் படிவத்தின்) 246ஆம் புலத்தில் தலைப்பை ரோமன் எழுத்திலும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, சுற்றிக்காட்டுவது. அன்றைக்கு மாணவருக்குக் கேள்வி எதுவும் இல்லை, அதனால்தான் மனத்தில் நிற்பதில்லை. அசைன்மென்ட் தலைப்பு கொடுத்த அதே வாரத்தில் ஒரு பாடவேளையை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். 60 பேர் என்றால் இரண்டு அணி, கணினிக்கு இருவர். ஆசிரியரும் கூட இருக்க வேண்டும். அவர் இல்லாத வகுப்பை மாணவர்கள் ஓய்வு நேரமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

'சேர்வராயன் மலையில் காபி' என்று ஒரு தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி முறையில் காபி ஒரே ரேக்கில் இல்லை. சாகுபடி 633.73, பதப்படுத்துவது 663.93, அதன் பொருளாதாரம் 338.17373, தமிழ்நாட்டு வரலாறு 954.82. மாணவர் முதல் எண்ணில் இரண்டு புத்தகம் பார்த்துவிட்டு "அவ்வளவுதான் இருக்கு" என்று போய்விடுவார். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "காபியில் எது? செடியா, விலையா, தோட்டத் தொழிலாளரா?" ஒரு நிமிடம் அவர் யோசித்துச் சொல்லும் பதிலிலேயே ரேக் தெரிந்துவிடும். என் பார்வையில் நூலகர் செய்யும் கற்பித்தலில் முதன்மையானது இந்தக் கேள்விதான்.

பிறகு தேடுசொற்கள். சேர்வராயன், ஷெவராய், ஷெர்வராய், ஏற்காடு என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறும். எல்லாவற்றையும் தாளில் எழுதவைத்து, இடையில் 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுத் தேடச் சொல்லுங்கள். இரண்டு சொல் சேர்ந்த தொடர்களுக்கு மேற்கோள் குறி வேண்டும். ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் தரும் சோத்கங்கா, பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்.

பழைய நூல் கிடைத்ததும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. லெ ஃபானுவின் 1883ஆம் ஆண்டு சேலம் மேனுவலிலோ ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரிலோ 'சேலம் மாவட்டம்' என்றால் அதில் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கும். தர்மபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல். எல்லை மாறியதைச் சொல்லாமல் அன்றைய பரப்பையும் இன்றைய பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "சாகுபடி குறைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். நூலை எடுத்துக் கொடுப்பதோடு இதையும் சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த மேற்கோள் பட்டியலோடு வருகிறவர்களைத் திட்டாதீர்கள். அதில் மூன்றை எடுத்துத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடச் சொல்லுங்கள். பல சமயம் இதழ் உண்மையானதாக இருக்கும், அந்தத் தொகுதியில் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. தாமே கண்டுபிடித்தால்தான் அடுத்த முறை நம்பும் முன் சரிபார்ப்பார்கள்.

எல்லோருக்கும் ஒரே தலைப்பைக் கொடுத்துவிட்டால் உங்களால் எதுவும் செய்ய முடியாது. இரண்டு பிரதிக்கு 60 பேர். தலைப்பை ஆறு உட்தலைப்பாக உடைத்துத் தரும்படி ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள், எந்த உட்தலைப்புக்கு நூல் போதாது என்பதையும் சொல்லுங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்வது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற மாணவிக்கு மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும் நூலகத்தால் பயன் இல்லை, அவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவருக்குக் கிடைப்பது மதிய இடைவேளை. அந்த நேரத்தில் பூட்டினால் அவருக்கு நூலகமே கிடையாது. ஊழியர் இருவர் முறைவைத்துச் சாப்பிடலாம். குறிப்புதவி நூல்களை மாலை நான்கு மணிக்குக் கொடுத்து மறுநாள் காலை பத்து மணிக்குத் திரும்ப வாங்கலாம்.

டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறவர்களைச் சுமையாக நினைக்காதீர்கள். அவர்களுக்குத் தேவை ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள் இரண்டு தொகுதி, பழைய வினாத்தாள்கள், ஒரு தனி மேசை. அவர்கள் கேட்டுக் கிடைக்காததும் அந்த நோட்டில் ஏற வேண்டும்.

நாக் (கல்லூரிகளைத் தரமதிப்பிடும் அமைப்பு) மதிப்பீட்டுக்காக அன்றாட வருகைக் கணக்கை முதல்வர் கேட்பார், கொடுங்கள். அதோடு இன்னொன்றும் கொடுங்கள். உங்கள் வகுப்புக்கு முன் எழுதப்பட்ட பத்து அசைன்மென்ட், பின் எழுதப்பட்ட பத்து, பெயரை மறைத்து. ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூன்று கேள்வி: அந்த நூலைத் தேடி எடுக்க முடிகிறதா, ஆண்டும் பக்கமும் இருக்கிறதா, எழுதிய செய்தி உண்மையில் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா. இருபது தாளை வைத்துச் சதவீதம் போடாதீர்கள், அது ஏமாற்று. எண்ணிக்கையை அப்படியே எழுதி, கூடவே அந்த நோட்டின் மூன்று மாதப் பக்கங்களையும் இணையுங்கள். புதிய நூல்களுக்கான பட்டியலை அதிலிருந்தே எடுத்தால், எந்த நூல் ஏன் என்று முதல்வர் கேட்கும்போது பதில் உங்கள் கையில் இருக்கும்.

அன்புடன்