'டிஸ்கவர்' என்ற ஆங்கில வினைச்சொல்லை எங்கே பயன்படுத்த வேண்டும்?

'டிஸ்கவர்', 'இன்வென்ட்' இரண்டுக்கும் 'கண்டுபிடி' என்றே பொருள் சொல்கிறார்களே, வேறுபாடு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். முன்னதன் வேர்ப்பொருள் மூடியிருப்பதை விலக்குதல். ஆகவே, ஏற்கெனவே இருந்தும் அறியப்படாத ஒன்றை அறியும்போதே அது பொருந்தும். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்னும் தாதுவை, திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு 1909இல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பெர்க் அறிந்தது 'டிஸ்கவர்'; அந்த மணலோ காலங்காலமாக நம் காலடியில்தான் கிடந்தது. தாதுவைப் பிரிக்கப் புதிதாக ஓர் இயந்திரத்தை உருவாக்கினால் அது 'இன்வென்ட்'. தொலைந்த சாவி கிடைத்தால் 'ஃபைண்ட்' போதும். 'டிஸ்கவர்' என்பது என் காதுக்குச் சற்று மிகை. ஆனால், வடசேரியில் பேருந்து ஏறிய பிறகு பணப்பை இல்லை என்று தெரியவந்தால், 'தட்' என்ற இணைப்புச்சொல்லைச் சேர்த்து 'டிஸ்கவர்ட்' எனத் தாராளமாக எழுதலாம். அங்கே தமிழில் 'கண்டுபிடித்தேன்' பொருந்தாது, 'தெரியவந்தது' என்பதே இயல்பு.