ஸ்கார்பரோவுக்குப் புதுசா வந்த தம்பிக்கு: சம்பளம் இல்லாத வேலைக்குப் போகலாமா?

தம்பி, ஈரோட்டுல எட்டு வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்துட்டு ஜூலைல வந்திருக்கீங்க, நூறு அப்ளிகேஷனுக்கு மேல போட்டும் ஒரு இன்டர்வியூகூட வரல, பார்க்கிறவங்க எல்லாம் வாலன்டியரிங் போங்கன்னு சொல்றாங்க, ஓசில உழைக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்னு கேட்டிருக்கீங்க. 2011ல கனடால டொரான்டோவோட இதே ஸ்கார்பரோ பகுதில ஒரு பேஸ்மென்ட்ல உக்காந்துக்கிட்டு நானும் இதையேதான் கேட்டுட்டு இருந்தேன், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

உங்க எட்டு வருஷ அனுபவம் நிஜம்தான், ஆனா நீங்க வேலை செஞ்சத கண்ணால பார்த்த ஆளு இந்த ஊர்ல ஒருத்தர்கூட இல்ல. பிரச்சனை அங்கதான் இருக்கு. 2026 ஜனவரிலேர்ந்து நம்ம ஒன்டாரியோ மாகாணத்துல 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற கம்பெனிங்க விளம்பரத்துல 'கனடா அனுபவம் வேணும்'னு போடக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு, நல்ல விஷயம்தான், ஆனா கடைசில ரெபரன்ஸ் கேப்பாங்க இல்லையா, அதுக்கு மாமா பேரையோ ரூம்மேட் பேரையோ கொடுக்க முடியாது. உங்களுக்காக ஃபோன்ல பேச இங்க ஒரு ஆள் வேணும்.

எனக்கு அந்த ஆள் கிடைச்சது இலவச டேக்ஸ் கிளினிக்ல. குறைஞ்ச வருமானம் உள்ளவங்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்க கனடா வரித்துறையே வாலன்டியர்கள வச்சு நடத்துற திட்டம் அது, 1971லேர்ந்து இருக்கு. லைப்ரரி, கம்யூனிட்டி சென்டர்னு அங்கங்க நடக்கும். முதல் சீசன்ல எனக்கு டோக்கன் கொடுக்கிறதும், தமிழ் பேசுறவங்களுக்கு மொழிபெயர்க்கிறதும்தான் வேலை. பி.காம் படிச்சுட்டு டோக்கன் கொடுக்கிறோமேன்னு மனசு வலிச்சது உண்மை.

ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தர், எழுபது வயசு தாண்டினவங்க, பனில நனைஞ்ச கோட்டோட வந்தாங்க. கைல இங்க நாலு லிட்டர் பால் வருமே அந்த பெரிய பிளாஸ்டிக் பை, அது நிறைய அரசாங்கத்துக் கவர், பாதி பிரிக்கவே இல்ல. "தம்பி, போன ஆடியோட காசு நிண்டுட்டுது, என்னெண்டு ஒருக்கா பாருங்கோ"ன்னாங்க. ஒவ்வொண்ணா பிரிச்சு மேஜைல தேதி வாரியா அடுக்கினேன். வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர்தான் டேக்ஸ் பார்த்திருக்கார், அவர் போன அப்புறம் யாரும் ரிட்டர்ன் போடல. முதியோர் பென்ஷனோட சேர்ந்து வர்ற சப்ளிமென்ட் வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டாத்தான் ஜூலைக்கு அப்புறமும் தொடரும், அதான் நின்னிருக்கு. விட்டுப்போன வருஷத்த போட்டுக் கொடுத்தோம், காசு திரும்ப வந்துச்சு. அடுத்த மாசம் ஒரு டப்பா பருத்தித்துறை வடையோட என்னைத் தேடிக்கிட்டு வந்தாங்க. அந்தக் குளிர்காலத்துல என்ன ஒருத்தர் தேடி வந்தது அதுதான் முதல் தடவ, இன்னைக்கு நினைச்சாலும் தொண்டை அடைக்குது.

கவர அடுக்கினத எல்லாம் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டு இருந்த கோஆர்டினேட்டர் அடுத்த சீசன்ல என்ன ரிட்டர்ன் போட உக்கார வச்சார். கம்பெனி கொடுக்கிற வருஷ சம்பளக் கணக்கு டி4 ஸ்லிப், குழந்தைங்களுக்கு அரசாங்கம் தர்ற பெனிஃபிட், வாடகை ரசீதுன்னு இந்த ஊரு வரி முழுக்க கைல பழகினது அங்கதான், எந்த கோர்ஸ்லயும் இல்ல. அவர் கொடுத்த ரெபரன்ஸ்லதான் ஒரு சின்ன அக்கவுண்டிங் ஆபீஸ்ல முதல் வேலை கிடைச்சுது. இன்டர்வியூல அவங்க கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதிலா சொன்னது அந்த பிளாஸ்டிக் பை கதையத்தான்.

இங்கிலீஷும் அங்கதான் தேறுச்சு, இலக்கணம் சொல்லல, வந்தவங்ககிட்ட வெதர பத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டு வேலைய ஆரம்பிக்கிற அந்தப் பழக்கம்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. லாபத்துக்கு நடக்கிற கம்பெனி எதுவும் 'முதல்ல ட்ரெய்னிங், அப்புறம் பார்க்கலாம்'னு சும்மா வேலை வாங்கினா அது வாலன்டியரிங் இல்ல. நான் ஒரு இடத்துல ஆறு வாரம் அப்படி ஏமாந்தேன், பஸ் காசுகூட தரல. ஃபுட் பேங்க், லைப்ரரி, கோயில், டேக்ஸ் கிளினிக் மாதிரி இடம்னா போங்க, வாரத்துக்கு நாலு மணி நேரம் போதும், வேலை தேடுறத நிறுத்தவே நிறுத்தாதீங்க. இங்க ஹைஸ்கூல் பசங்களே 40 மணி நேரம் சமூக சேவை முடிச்சாத்தான் ஸ்கூல் முடிச்சதுக்கான டிப்ளமோ, என் பொண்ணு இப்ப ஒரு லைப்ரரில சின்னப் பசங்களுக்கு கதை படிக்கிறா, அதனால யாரும் உங்கள மட்டமா நினைக்க மாட்டாங்க.

ரெஸ்யூமேல அத கடைசி வரில 'பொழுதுபோக்கு'க்குப் பக்கத்துல ஒதுக்காதீங்க. அனுபவம்ங்கிற தலைப்புக்குக் கீழயே போடுங்க, என்ன வேலை, எத்தனை மாசம்னு.

டேக்ஸ் சீசன் பிப்ரவரி கடைசில ஆரம்பிச்சு ஏப்ரல் 30 வரைக்கும் போகும். குற்றப் பதிவு இருக்கான்னு பார்க்கிற போலீஸ் செக் வேணும், அது வர சில சமயம் வாரக்கணக்குல ஆகும், அதனால பொங்கல் வரைக்கும் தள்ளாம இந்த வாரமே உங்க வீட்டுக்குப் பக்கத்து கம்யூனிட்டி சென்டருக்கு நேர்ல போய் கேளுங்க. தமிழ் தெரியும்னு முதல்லயே சொல்லிடுங்க, ஸ்கார்பரோல அதுக்கு ரொம்ப தேவை இருக்கு.