மீன்தொட்டியில் கலையாத நுரை: மருந்துப் போத்தல் வாங்குவதற்கு முன்

கேள்வி: இரண்டு அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியில் ஆறு கோல்ட் பிஷ் விட்டு மூன்று கிழமைகள் ஆகின்றன. சில நாட்களாகத் தண்ணீரின் மேல் வெள்ளை நுரை படர்ந்து, காற்று மோட்டாரை நிறுத்தினாலும் கலையாமல் நிற்கிறது. கிணற்றுத் தண்ணீரே பாவிக்கிறோம். நுரை போக்கும் மருந்து ஒரு போத்தலும், நுரையைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஒன்றும் வாங்கும்படி கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நுரை வேறொரு கோளாற்றின் அடையாளம். அதை மட்டும் கலைத்துவிட்டால் கோளாறு தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடும்; மீனுக்கு வரும் ஆபத்தை முன்கூட்டி அறியும் வழியும் இல்லாமற் போகும். நுரை போக்கும் திரவங்கள் மேற்பரப்பில் குமிழி நிலைக்காமல் செய்பவை மட்டுமே. அவை அழுக்கை வெளியேற்றுவதில்லை. ஸ்கிம்மரோ கடல்நீர்த் தொட்டிக்கென்று செய்யப்பட்ட கருவி. உப்பு நீரில் காற்று மிக நுண்ணிய குமிழிகளாகப் பிரிந்து புரதக் கழிவைச் சுமந்துகொண்டு மேலே வரும். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடுவதால் சிறிய வீட்டுத் தொட்டியில் அதனால் பயன் கிடைக்காது. நன்னீரில் மீன் வளர்ப்பவரிடம் அதை விற்க முனைவது எனக்குச் சற்றும் ஏற்புடையதன்று.

முதலில் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களைச் சவர்க்காரம் போடாமல் அலசி, ஒன்றில் மீனுக்கு ஊற்றும் அதே வாளியால் அள்ளிய கிணற்றுத் தண்ணீரையும் மற்றதில் தொட்டித் தண்ணீரையும் பாதியளவுக்கு நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். கிணற்றுத் தண்ணீரின் குமிழிகள் சில விநாடிகளில் உடைந்துபோக, தொட்டித் தண்ணீரில் மட்டும் நுரை போத்தலின் சுவரோரம் வளையமாக ஒட்டிக்கொண்டு நின்றால், காரணம் தொட்டிக்குள் இருக்கிறது. இரண்டிலும் நுரை நின்றால் வாளியைச் சந்தேகியுங்கள். வன்னியின் பல கிணறுகளில் உள்ள சுண்ணாம்புத் தன்மையான நீரில் குளிக்கும் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்துபோகும். ஆனால் சலவைத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் அந்த நீரிலும் நுரைக்கும். உடுப்புத் தோய்க்கும் வாளியை மீன்தொட்டிக்கும் பாவிக்கும் வீடுகளில் இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது. தொட்டிக்கல்லையோ அலங்காரப் பொருளையோ எவராவது சவர்க்காரத் திரவத்தால் கழுவினார்களா என்றும் வீட்டில் விசாரியுங்கள், ஏனெனில் அதன் எச்சம் மீனின் செவுள்களைத் தாக்கக்கூடியது; அப்படி நடந்திருந்தால் மீன்களைச் சுத்தமான நீருக்கு மாற்றிவிட்டுத் தொட்டியை முழுவதுமாக அலச வேண்டும்.

உங்கள் விபரங்களைப் பார்க்கையில், மீதமான உணவும் மீன்களின் கழிவும்தான் காரணமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். நீங்கள் சொன்ன அளவுத் தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் ஏறத்தாழ 57 லீற்றர்தான் கொள்ளும். கல்லும் மணலும் போட்டால் 50 லீற்றர் அளவில் நிற்கும். அதிகம் தின்று அதிகம் கழிவிடும் கோல்ட் பிஷ் ஆறு அதில் இருப்பது மிகையான நெருக்கம். கரைந்த புரதம் நீரின் மேற்பரப்பில் சேரும்போது, மோட்டார் எழுப்பும் குமிழிகள் உடையாமல் நுரையாகத் தங்கிவிடுகின்றன. அத்துடன், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பக்றீரியாக்கள் புதிய வடிகட்டியில் போதியளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லும். உங்கள் தொட்டி இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. காரத்தன்மை கூடிய நீரிலும் வெப்பத்திலும் அமோனியாவின் நச்சுத்தன்மை அதிகரிக்கும் என்பதால், சுண்ணாம்பு நீரும் கடும் வெயிலும் சேர்ந்த நம் பகுதியில் இதைச் சிறிதாக எண்ணக்கூடாது.

ஆகவே மருந்துக்கு வைத்திருக்கும் பணத்தில் அமோனியா சோதனைப் பொதி ஒன்றை வாங்குங்கள். அது கிடைக்கும் வரை காத்திராமல் இன்றே உணவை நிறுத்தி, நாளை முதல் இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு ஒரு தடவை மட்டும் போடுங்கள். ஒரு கிழமை வரை நாள்தோறும் கால்பங்குத் தண்ணீரை, அடியில் கிடக்கும் எச்சத்தையும் குழாயால் உறிஞ்சி எடுத்தபடி மாற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சை அப்படி வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாக அலச வேண்டும். என்றைக்காவது குழாய்நீர் ஊற்ற நேர்ந்தால், அதிலுள்ள குளோரின் பக்றீரியாவையும் மீனையும் பாதிக்கும் என்பதால், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து, அல்லது குளோரின் நீக்கி கலந்து ஊற்றுங்கள். நான்கு மீன்களையாவது பெரிய தொட்டியுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுவதே நிலையான தீர்வு.

கேள்வி: எங்கள் பைற்றர் மீன் தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் சிறு நுரைத்திட்டு இருக்கிறது. அகற்ற வேண்டுமா? (வவுனியா வாசகி)

பதில்: வேண்டாம். ஆண் பைற்றர் மீன் முட்டைகளைக் காப்பதற்காக வாயால் ஊதிக் கட்டும் குமிழிக் கூடு அது. கௌராமி இனங்கள் பலவும் அவ்வாறே கட்டும். தண்ணீர் தெளிவாகவும் மணமின்றியும் இருந்தால் கவலைக்கு இடமில்லை.

கேள்வி: நுரை போக்கும் திரவம் என்று கடையில் தந்த போத்தலில் உற்பத்தியாளர் பெயரோ காலாவதித் திகதியோ இல்லை. ஊற்றியபின் மீன்கள் இறந்துவிட்டன. பற்றுச்சீட்டும் தரவில்லை. என்ன செய்யலாம்? (மாங்குளம் வாசகர்)

பதில்: மிஞ்சிய திரவத்தை ஊற்றிவிடாமல் போத்தலோடு பத்திரப்படுத்துங்கள், தொட்டியையும் இறந்த மீன்களையும் படமெடுத்து வைத்திருப்பதும் உதவும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவது வியாபாரியின் கடமை. எனவே மீண்டும் சென்று, வாங்கிய திகதியையும் விலையையும் குறித்த சீட்டைக் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் முறைப்பாட்டில் சேர்த்து எழுதுங்கள். பொருள் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்து மூலம் அதிகார சபைக்குக் கிடைக்க வேண்டும். வழிமுறையைக் கேட்டறிய 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் அழைப்பை மட்டும் நம்பி இருந்துவிடாமல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.